"அவங்களா வித்தாங்க" என்று எழுதிய மாணவனுக்கு



கொஞ்சம் நீளமான பதிவு. படித்தால் சிலருக்குக் கோபம் வரும். கோபத்தோடாவது கடைசிவரை படியுங்கள். முப்பத்து நான்கு வருடம் கரும்பலகை முன்னால் நின்றவன் கேட்கிறேன், ஒரு பத்து நிமிடம் கொடுங்கள்.

நம் பழைய மாணவர்கள் குழுவில் பள்ளிக்குத் திருவள்ளுவர் சிலை வைப்பதாக முடிவு செய்திருக்கிறீர்கள். மூன்று லட்சம் ரூபாய் திட்டம். திறப்பு விழாவில் 'அன்றாட வாழ்வில் அறம்' என்ற தலைப்பில் நான் பேச வேண்டும் என்றும் கேட்டிருந்தீர்கள். சந்தோஷமாக ஒப்புக்கொண்டேன். பேச்சுக்குக் குறிப்பும் எடுக்க ஆரம்பித்துவிட்டேன்.

பள்ளிபாளையம் சிறுநீரகச் செய்தியை ஒருவர் அதே குழுவில் மறுபடி எடுத்துப் போட்டார். விசைத்தறித் தொழிலாளிகள் கடனுக்காகக் கிட்னியை விற்ற செய்தி. அதற்குக் கீழே ஒரு மாணவர் எழுதியிருந்தார்: "யாரும் கழுத்துல கத்தி வெச்சு வாங்கலயே. அவங்களா வித்தாங்க." அதற்குப் பதினான்கு பேர் கட்டைவிரல் உயர்த்தியிருந்தீர்கள்.

பதினான்கு பேரையும் எனக்குத் தெரியும். எல்லோரும் என் வகுப்பில் உட்கார்ந்தவர்கள். இன்றைக்குத் தறிப்பட்டறை வைத்திருக்கிறீர்கள், ஃபைனான்ஸ் நடத்துகிறீர்கள், ரிக் வண்டி ஓட்டுகிறீர்கள், பள்ளிக்கூடத்தில் பங்கு வைத்திருக்கிறீர்கள். எழுதியவர் பேரை இங்கே சொல்ல மாட்டேன். அவன் நல்ல பையன். அதுதான் எனக்கு வலி. கெட்டவன் எழுதியிருந்தால் இவ்வளவு நீளமாக நான் எழுத வேண்டியதில்லை.

நடந்ததை முதலில் நினைவுபடுத்திவிடுகிறேன். 2025 ஜூலையில் செய்தி வெளியே வந்தது. தரகர்கள் தறிக் குடியிருப்புகளுக்குள் போய், கடனில் மூழ்கியவர்களாகப் பார்த்துப் பேசி, சில லட்சம் ரூபாய்க்குச் சிறுநீரகத்தை விற்க வைத்தார்கள் என்பது புகார். அரசு விசாரணைக் குழு அனுப்பியது. இரண்டு தனியார் மருத்துவமனைகளின் சிறுநீரக மாற்று உரிமம் நிறுத்தப்பட்டது. சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை சிறப்புப் புலனாய்வுக் குழு அமைத்தது. யார் குற்றவாளி என்பதை நீதிமன்றம் சொல்லட்டும். அது என் வேலை இல்லை. நான் பேச வந்தது அந்தப் பதினான்கு கட்டைவிரல்களைப் பற்றி.

"அவங்களா வித்தாங்க."

தம்பி, நீ எழுதியது செய்தி இல்லை. அது ஒரு தத்துவம். 'ஒருவன் சம்மதித்துவிட்டால் அதில் அநியாயம் இல்லை' என்ற தத்துவம். நாம் யாரும் தத்துவம் படித்ததில்லை என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். ஆனால் வட்டி கணக்குப் போடும்போதும், சம்பளம் பிடிக்கும்போதும், வரன் பார்க்கும்போதும் ஏதோ ஒரு தத்துவத்தின்படிதான் நடக்கிறோம். அதை வாய்விட்டுச் சொல்வதில்லை, அவ்வளவுதான். நீ சொல்லிவிட்டாய். ஆகவே பதில் சொல்கிறேன்.

சம்மதம் என்றால் 'வேண்டாம்' என்று சொல்லவும் வழி இருக்க வேண்டும். வாரக் குழுக்காரர் வாசலில் வந்து உட்கார்ந்திருக்கிறார். மீட்டர் வட்டிக்காரன் போனில் கத்துகிறான். பட்டறையில் பாக்கி நிற்கிறது. பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்தில் பணம் கட்ட வேண்டும். இந்த நான்கு சுவருக்கு நடுவில் நிற்பவனிடம் ஒருத்தன் வந்து, "இந்தப் பக்கம் ஒரு கதவு இருக்கு, ஆனா உடம்புல ஒண்ணைக் கழட்டி வெச்சுட்டுத்தான் வெளிய போகோணும்" என்கிறான். அவன் போகிறான். அதை நீ 'விருப்பம்' என்கிறாய்.

ஒரே ஒரு கேள்வி. விருப்பம் என்றால் அது எல்லா வீட்டிலும் கொஞ்சம் கொஞ்சம் இருக்க வேண்டுமே? சேலம் ஃபேர்லேண்ட்ஸ் பங்களாக்களில் இருந்து ஏன் யாரும் விருப்பப்பட்டு விற்கவில்லை? கோழிப்பண்ணை முதலாளி ஏன் விற்கவில்லை? தறிச் சத்தம் கேட்கும் லைன் வீடுகளில் மட்டும் எப்படி இந்த விருப்பம் வருகிறது?

விற்றவர்கள் பிழைத்தார்களா என்று பார்ப்போம். சென்னையில் சிறுநீரகம் விற்ற 305 பேரை நேரில் விசாரித்து ஓர் ஆய்வு செய்தார்கள். 2002-ல் அமெரிக்க மருத்துவக் கழகத்தின் இதழில் வெளிவந்தது. 100-க்கு 96 பேர் கடனை அடைக்கத்தான் விற்றிருந்தார்கள். விற்றுச் சராசரியாக ஆறு வருடம் ஆன பிறகு போய்க் கேட்டால், முக்கால்வாசிப் பேருக்குக் கடன் அப்படியே நிற்கிறது. குடும்ப வருமானம் மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிட்டது. 100-க்கு 86 பேர் உடம்பு முன்னைப்போல் இல்லை என்றார்கள். 79 பேர், வேறு யாரும் இதைச் செய்ய வேண்டாம் என்றார்கள். உறுப்பும் போய், உழைக்கும் தெம்பும் போய், கடன் மட்டும் மிச்சம். விரும்பிச் செய்தவன் இப்படியா சொல்வான்?

அடுத்து உங்களில் ஒருவர் எழுதியது: "குடிச்சே அழிச்சானுங்க, அதுக்கு யார் பொறுப்பு?"

குடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். நான் மறுக்கவில்லை. ஆனால் இந்த மண்ணுக்கு இந்த விஷயத்தில் ஒரு வரலாறு உண்டு. திருச்செங்கோடு பக்கம் புதுப்பாளையத்தில் 1925-ல் ராஜாஜி காந்தி ஆசிரமம் தொடங்கினார். கதரும் மதுவிலக்கும் அங்கே முக்கியமான வேலைகள். அதே 1925 அக்டோபரில் காந்தி தன் 'யங் இந்தியா' இதழில் ஏழு சமூகப் பாவங்கள் என்று ஒரு பட்டியல் வெளியிட்டார். அறத்தை விட்டுவிட்ட வணிகமும், ஒழுக்கத்தை விட்டுவிட்ட கல்வியும் அதில் இருக்கின்றன. பன்னிரண்டு வருடம் கழித்து ராஜாஜி சென்னை மாகாணத்தின் பிரதமர் ஆனதும், 1937 அக்டோபர் 1-ம் தேதி மதுவிலக்கை முதலில் கொண்டுவந்தது எங்கே? சேலம் ஜில்லாவில். அப்போது நாமக்கல்லும் சேலம் ஜில்லாதான். 'அவன் காசு, அவன் குடிக்கிறான்' என்று அன்றைக்கும் சொல்ல ஆள் இருந்திருக்கும். அந்தக் காசு அவன் பெண்டாட்டி பிள்ளையின் சோறு என்று நினைத்த ஓர் அரசு இருந்தது. 2003-லிருந்து அரசே கடை நடத்தி விற்கிறது. கடையைத் திறந்து வைத்துவிட்டு, குடித்தவனை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது என்ன நியாயம்? குடிக்காத பெண்களும் கடனில்தான் இருக்கிறார்கள், அதற்கு என்ன சொல்வீர்கள்?

மூன்றாவது: "வாங்குறவனும் உயிருக்குப் போராடுறவன்தானே சார்?"

இது நல்ல கேள்வி. டயாலிசிஸ் படுக்கையில் கிடப்பவரின் கஷ்டம் எனக்குத் தெரியும். என் நெருங்கிய உறவிலேயே பார்த்திருக்கிறேன். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் அதற்கு வேறு வழி இருக்கிறது. 2008 செப்டம்பரில் திருக்கழுக்குன்றத்தைச் சேர்ந்த ஒரு மருத்துவத் தம்பதி, விபத்தில் மூளைச்சாவு அடைந்த தங்கள் மகன் ஹிதேந்திரனின் உறுப்புகளைத் தானம் செய்தார்கள். தமிழ்நாட்டில் உடல் உறுப்பு தானம் ஓர் இயக்கமாக வளர்ந்ததில் அந்தப் பெற்றோருக்குப் பெரிய பங்கு உண்டு. 2023 செப்டம்பரில், இறக்கும்போது உறுப்பு தானம் செய்பவர்களின் இறுதிச் சடங்கு அரசு மரியாதையோடு நடக்கும் என்று அரசு அறிவித்தது.

யோசித்துப் பாருங்கள். அதே சிறுநீரகம்தான். கொடுத்தால் அரசு மரியாதை. விற்றால் குற்றம். சதையில் வித்தியாசம் இல்லை, ரத்தத்தில் வித்தியாசம் இல்லை. நடுவில் பணம் வந்ததுதான் வித்தியாசம். இதைவிடத் தெளிவாக ஒரு தத்துவப் பாடம் எந்தப் புத்தகத்திலும் கிடைக்காது.

ஜெர்மனிக்காரர் இம்மானுவேல் காண்ட் 1785-ல் எழுதிய நூலில் இதைத்தான் பிரித்துக் காட்டினார். உலகத்தில் சிலவற்றுக்கு விலை உண்டு. அதற்குப் பதில் வேறொன்றை வைத்துவிடலாம். சிலவற்றுக்கு ஈடே கிடையாது, மனிதன் அந்த வகை என்றார். மனிதனை வெறும் கருவியாக மட்டும் பயன்படுத்தாதே என்றார். நாம் இதற்காக ஜெர்மனிவரை போக வேண்டியதில்லை. 'விலைமதிப்பில்லாதது' என்று நம் வீட்டுக் கிழவி சொல்கிற வார்த்தையில் அந்தப் பாடம் இருக்கிறது.

நான்காவது: "அதான் சட்டம் இருக்கே, அது பார்த்துக்கும்."

சட்டம் 1994-லிருந்தே இருக்கிறது. உறுப்பை விற்றாலும், வாங்கினாலும், தரகு பார்த்தாலும் ஐந்திலிருந்து பத்து வருடம் சிறை, இருபது லட்சத்திலிருந்து ஒரு கோடி வரை அபராதம். நெருங்கிய உறவு இல்லாதவர் உறுப்பு கொடுக்க வேண்டுமானால், நோயாளி மீது உள்ள அன்பினாலும் பற்றினாலும்தான் கொடுக்கிறேன் என்று ஒரு குழுவின் முன் காட்ட வேண்டும். சட்டத்திலேயே 'அன்பு' என்ற பொருளில் சொல் இருக்கிறது! அதை எழுதியவர்கள் நல்ல மனதோடுதான் எழுதியிருப்பார்கள். அந்தச் சொல்லை நாம் என்ன செய்தோம்? முன்பின் பார்த்திராத ஆளைச் சொந்தமாக்கி, காகிதம் தயார் செய்து, அன்புக்கே போலி ஆவணம் உண்டாக்குகிற தொழில் ஒன்றை வளரவிட்டோம். காகிதத்தைச் சரிபார்க்கச் சட்டத்தால் முடியும். ஒருவன் எதனால் அந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டான் என்பதை அக்கம்பக்கம் இருப்பவன்தான் அறிவான். அதாவது நாம்.

தறிக்காரர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. 'பாக்கி' என்றால் என்ன என்று நம் பக்கத்தில் யாருக்கும் விளக்க வேண்டாம். வேலைக்குச் சேரும்போது முன்பணம் கொடுக்கிறீர்கள். கல்யாணம், ஆஸ்பத்திரி என்று அது ஏறுகிறது. ஆள் வேறு பட்டறைக்குப் போக வேண்டும் என்றால், அந்தப் பட்டறைக்காரர் உங்கள் பாக்கியைக் கட்டி ஆளைக் கூட்டிப்போகிறார். பாக்கி கை மாறுகிறது, கூடவே ஆளும் கை மாறுகிறான். நீங்களும் கடனில்தான் தறி ஓட்டுகிறீர்கள், நூல் விலையும் கரண்ட் பில்லும் உங்கள் கழுத்தை நெரிக்கிறது, தெரியும். ஆள் கிடைக்காமல்தான் இவ்வளவு முன்பணம் கொடுக்கிறீர்கள் என்பதும் தெரியும். ஆனால் முன்பணத்தைக் காட்டி ஒருவனை வேறு வேலைக்குப் போகவிடாமல் நிறுத்தினால், அது 1976 கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டப்படி குற்றம். ஒரு மனிதனுக்கு ஒரு தொகையை வைத்து, அந்தத் தொகை கொடுத்தால் அவனைக் கூட்டிப்போகலாம் என்று பழகிவிட்ட ஊரில், கிட்னித் தரகன் புதிதாக என்ன கற்றுக்கொடுத்துவிட்டான்? முழு ஆளுக்கு நாம் போட்ட விலையை, அவன் ஓர் உறுப்புக்குப் போட்டான்.

உங்களை மட்டும் திட்டிவிட்டு நான் தப்பிக்கப் பார்க்கவில்லை. என் பங்கைச் சொல்கிறேன்.

விலை போடும் பழக்கத்தை உங்களுக்கு முதலில் கற்றுக்கொடுத்தவர்களில் நானும் ஒருவன். கால அட்டவணையில் வாரம் ஒரு நீதிபோதனை வகுப்பு இருந்தது. உங்களில் யாருக்காவது அந்த வகுப்பு நினைவில் இருக்கிறதா? இருக்காது. பாடம் முடிக்க வேண்டும் என்று கணக்கு வாத்தியார் கேட்டபோதெல்லாம் நான் விட்டுக்கொடுத்தேன். அரையாண்டு நெருங்கினால் நானே அதில் இலக்கணம் நடத்தினேன். மார்க் நூறைத் தாண்டியவனைத் தோளில் தட்டினேன். தாண்டாதவனைப் பெயர் சொல்லிக்கூட அழைக்கவில்லை. பிறகு நம் நாமக்கல் பக்கம் என்ன ஆனது? பல பள்ளிகளில் பதினொன்றாம் வகுப்புப் பாடத்தையே தூக்கிப் போட்டுவிட்டு, இரண்டு வருடமும் பன்னிரண்டாம் வகுப்பை மட்டும் உருப்போட வைத்தார்கள். அதைத் தடுக்கத்தான் 2017-18-ல் பதினொன்றாம் வகுப்புக்கும் அரசு பொதுத்தேர்வு கொண்டுவர வேண்டியிருந்தது. குழந்தைக்கு மார்க், பெண்ணுக்குப் பவுன், மாப்பிள்ளைக்குச் சம்பளம், தொழிலாளிக்குப் பாக்கி. எல்லாவற்றுக்கும் ஒரு நம்பர். கடைசியில் கிட்னிக்கும் ஒரு நம்பர்.

இன்னொன்று. இதை என் வீட்டில்கூட இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

பல வருடங்களுக்கு முன் ஒரு மாணவனின் தகப்பனாருக்கு முப்பதாயிரம் ரூபாய் கொடுத்தேன். நூற்றுக்கு இரண்டு வட்டி. 'ஊரில் மூன்று, நான்கு வாங்குகிறார்கள், நான் இரண்டுதானே வாங்குகிறேன்' என்று எனக்கு நானே பெருமைப்பட்டுக்கொண்டேன். மனிதர் மாதம் தவறாமல் அறுநூறு ரூபாய் கொண்டுவந்து கொடுத்தார். மூன்று வருடம். கணக்குப் போட்டுப் பாருங்கள், 21,600 ரூபாய். ஒருநாள் திடீரென்று மஞ்சப்பையில் முப்பதாயிரத்தையும் மொத்தமாகக் கொண்டுவந்து வைத்தார். தறி ஓட்டுகிறவரிடம் மொத்தமாக அவ்வளவு பணம் ஏது? மனதில் அந்தக் கேள்வி வந்தது. வாயில் வரவில்லை. எண்ணிப் பார்த்து வாங்கி வைத்துக்கொண்டு, "காப்பி சாப்பிட்டுட்டுப் போங்க" என்றேன். அவர் உட்காராமல் போய்விட்டார்.

அந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. சீட்டு எடுத்திருக்கலாம். தோட்டத்தை விற்றிருக்கலாம். நல்ல வழியில்தான் வந்திருக்கும் என்று நினைத்துக்கொள்கிறேன். ஆனால் தெரிந்துகொள்ள முடியாததால் நான் கேட்காமல் இருக்கவில்லை. தெரிந்துவிடுமோ என்று பயந்துதான் கேட்கவில்லை. அவரும் எனக்குத் தானாகத்தான் கொடுத்தார், தம்பி. நானும் கழுத்தில் கத்தி வைக்கவில்லை. உன் வரியைப் படித்தபோது ஏன் எனக்கு இவ்வளவு சுட்டது என்று இப்போது புரிகிறதா?

தமிழ் வாத்தியார் அல்லவா, ஒரு சொல்லைச் சொல்லாமல் முடிக்க முடியவில்லை. கடன் என்றால் இன்று நமக்குப் பணம் மட்டும்தான் ஞாபகம் வருகிறது. ஆனால் காலைக்கடன் என்கிறோம், நேர்த்திக்கடன் என்கிறோம், செத்தவருக்கு நீத்தார் கடன் செய்கிறோம். இங்கெல்லாம் கடன் என்றால் கடமை. பழந்தமிழில் அதுவே அந்தச் சொல்லின் பெரிய பொருள். ஒரே சொல்லில் இரண்டும் இருக்கின்றன: அவன் எனக்குத் தர வேண்டியது, நான் அவனுக்குச் செய்ய வேண்டியது. முதல் கடனைப் பைசா பாக்கியில்லாமல் வசூலித்தோம். இரண்டாவதை மறந்துபோனோம்.

வள்ளுவர் ஈகை அதிகாரத்துக்கு முன்னால் ஒப்புரவறிதல் என்று ஓர் அதிகாரம் வைத்தார். கை நீட்டுகிறவனுக்குப் போடுவது ஈகை. கூட வாழ்கிறவனுக்கு என்ன தேவை என்று அறிந்து நடப்பது ஒப்புரவு. அவன் கை நீட்டும் நிலைக்கு வருவதற்கு முன்னால் நடக்க வேண்டியது அது. சிலை வைப்பது சுலபம். அந்த அதிகாரத்தைத் தறிப்பட்டறைக் கணக்கு நோட்டில் வைப்பதுதான் கஷ்டம்.

ஆகவே விழாவுக்கு முன் நான் கேட்பது ஐந்து:

1. வட்டிக்குக் கொடுத்திருப்பவர்கள் நோட்டைத் திறந்து பாருங்கள். அசலுக்கு மேல் வட்டி கட்டி முடித்தவர்களின் கணக்கை அடித்துவிடுங்கள்.

2. பாக்கியை எழுத்தில் வையுங்கள். ஒரு நகல் தொழிலாளி கையில் இருக்கட்டும். போக நினைப்பவரைப் போக விடுங்கள்.

3. இல்லாதவர் ஒருவர் திடீரென்று மொத்தப் பணம் கொண்டுவந்தால், வாங்குவதற்கு முன் உட்காரவைத்து, "எப்படிங்க வந்துச்சு?" என்று கேளுங்கள். நான் கேட்காததை நீங்கள் கேளுங்கள்.

4. உடல் உறுப்பு தானத்துக்குப் பதிவு செய்யுங்கள். முக்கியமாக வீட்டில் சொல்லி வையுங்கள். அந்த நேரத்தில் சம்மதம் சொல்ல வேண்டியவர்கள் அவர்கள்தான். நான் பதிவு செய்துவிட்டேன், என் பிள்ளைகளிடமும் சொல்லிவிட்டேன்.

5. சிலையை ஒன்றரை லட்சத்தில் முடியுங்கள். கொஞ்சம் சிறியதாக இருந்தால் வள்ளுவர் கோபித்துக்கொள்ள மாட்டார். மீதி ஒன்றரை லட்சத்தில் பள்ளியைச் சுற்றியுள்ள தறிக் குடும்பங்களுக்கு ஆஸ்பத்திரிச் செலவுக்கும் படிப்புச் செலவுக்கும் ஒரு கைமாற்று நிதி வையுங்கள். கைமாற்றுக்கு வட்டி கிடையாது என்பது நம் பெரியவர்கள் போட்ட சட்டம். திரும்பி வந்த பணம் அடுத்தவருக்குப் போகட்டும். ஒன்றரை லட்சத்தில் ஊர்க் கடன் தீராது, தெரியும். ஒரு சில வீட்டு வாசலில் தரகன் நிற்காமல் செய்யலாம்.

அந்த நிதிக்கு என் முதல் பங்கு 21,600 ரூபாய். அது நன்கொடை இல்லை. என்னிடம் இத்தனை வருடம் தங்கிவிட்ட பாக்கி. அந்த மனிதர் இப்போது உயிரோடு இல்லை. அவர் பிள்ளையைத் தேடிக்கொண்டிருக்கிறேன். கிடைத்தால் பணம் முதலில் அவனுக்கு. நிதிக்கு வேறு கொடுப்பேன்.

இதற்குச் சம்மதம் என்றால் விழாவுக்கு வருகிறேன். சால்வை, மாலை எதுவும் வேண்டாம். சம்மதம் இல்லை என்றாலும் வருத்தம் இல்லை, என்னிடம் நேரில் வந்து சண்டை போடுங்கள். தப்பாக எழுதியிருந்தால் திருத்திக்கொள்கிறேன். ஆனால் "அருமை ஐயா" என்று போட்டுவிட்டு மட்டும் போகாதீர்கள். அதற்காக இதை எழுதவில்லை.

அந்த வரியை எழுதிய மாணவனுக்கு: உன் மேல் எனக்குக் கோபம் இல்லை, கண்ணு. ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டில்தான் இருப்பேன். வா, காப்பி குடித்துக்கொண்டே பேசலாம்.

அன்புடன்,
உங்கள் பழைய தமிழ் வாத்தியார்